வெள்ளி அரை டாலரைத் தேய்க்காதீர்கள், விளக்கை நகர்த்துங்கள்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இங்கே ஒரு வீட்டைக் காலி செய்தபோது நடந்த விற்பனையில் பழைய அரை டாலர்கள் சில வாங்கினேன். எல்லாவற்றிலும் சூரியனை நோக்கி நடக்கும் பெண் உருவம் இருக்கிறது. ஒன்று 1917, முன்பக்கத்திலேயே சின்னதாக ‘எஸ்’ எழுத்து. இன்னொன்று 1941, அதில் ‘எஸ்’ பின்பக்கம், பெண்ணின் இடது கை மழுங்கியிருக்கிறது. மற்றவை 1942 முதல் 1945 வரை. வெள்ளைத் தாளில் வைத்து போனில் படம் எடுத்தால் ஈயத்துண்டு மாதிரி வருகிறது. சில்வர் பாலிஷ் போட்டுவிட்டு எடுக்கலாமா? தரச்சான்றுக்கு அனுப்பலாமா?

பதில்: பாலிஷ் டப்பாவை முதலில் மூடி வையுங்கள். படம் மங்கியதற்கு நாணயத்தின் அழுக்கைவிட அந்த வெள்ளைத் தாளும் கூரை விளக்கும்தான் காரணமாக இருக்கும்.

உங்களிடம் இருப்பது வாக்கிங் லிபர்ட்டி வகை. அடால்ஃப் வைன்மன் வடிவமைத்து, 1916 முதல் 1947 வரை அச்சானது. எடை 12.5 கிராம், விட்டம் 30.6 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. நகைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். நன்றாகத் தேய்ந்த நாணயம் கொஞ்சம் குறையலாம். ஒரு கிராம் குறைந்தாலோ காந்தத்தில் ஒட்டினாலோ சந்தேகப்பட வேண்டியதுதான்.

பாலிஷ் ஏன் கூடாது? அச்சு வந்து அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு மிக மெல்லிய கோடுகளைப் பரப்பில் விட்டுப்போகிறது. ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சற்றுச் சாய்த்துச் சுழற்றினால், வெளிச்சம் சக்கரத்தின் ஆரங்கள் போல அதன்மேல் சுற்றிவருவது அந்தக் கோடுகளால்தான். பாலிஷ் அவற்றை வழித்தெடுத்துவிடும். பிறகு மிஞ்சுவது எவர்சில்வர் பளபளப்பு. கூடவே துணி இழுத்த திசையில் மயிரிழைக் கீறல்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரநிர்ணய நிறுவனங்கள் இப்படித் துடைத்த நாணயத்துக்குப் பொதுவாகத் தர எண் தராமல், ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதி அனுப்பிவிடும். புழங்கித் தேய்ந்த வெள்ளிக்குச் சாம்பல் நிறம் இயல்பு. அதை அழுக்கென்று நினைக்க வேண்டாம்.

இனி 1941-எஸ். இதைத்தான் நிறையப் பேர் தவறாக எடைபோடுகிறார்கள். தரம் 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவுகோலில் தரப்படுகிறது. 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் புழக்கத் தேய்மானமே இல்லை என்று பொருள். ஆனால் கை மழுங்கியிருந்தாலே தேய்ந்தது என்று முடிவு கட்டக் கூடாது. இந்த வடிவமைப்பில் பெண்ணின் தலையும், உடலுக்குக் குறுக்கே வரும் இடது கையும் முழுதாக அச்சில் ஏறுவதே சிரமம். அதிலும் ‘எஸ்’ எழுத்துக்குரிய சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் 1940, 1941-இல் அடித்தவை பலவீனமான அச்சுக்குப் பேர்போனவை. கட்டைவிரலே இல்லாத புத்தம்புது நாணயம்கூட உண்டு.

எப்படிப் பிரித்தறிவது? அதே ஒற்றை விளக்கில், கை இருக்கும் இடத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். சுழலும் மினுமினுப்பு கையின் மேலும் அறுபடாமல் ஓடினால் அது அச்சுக் குறை. அந்த இடம் மட்டும் மங்கலாக, நிறம் மாறித் தெரிந்தால் தேய்மானம். பெண்ணின் மார்பு, முழங்கால், பின்பக்கம் கழுகின் நெஞ்சு ஆகியவற்றையும் இதேபோல் சோதியுங்கள்.

1917 உங்கள் கையில் இருப்பதிலேயே நல்லது. அந்த ஆண்டு நடுவில்தான் நாணயச்சாலை எழுத்தைப் பின்பக்கத்துக்கு மாற்றினார்கள். பின்பக்க எஸ் 55 லட்சத்துக்கு மேல் அச்சானது. உங்களுடைய முன்பக்க எஸ் 9,52,000 மட்டுமே. இதில் அங்கியின் மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். கால்மேல் விழும் கோடுகள்கூடத் தெளிவாக இருந்தால் ‘வெரி ஃபைன்’ தரம். எல்லாக் கோடுகளும் தெரிந்து, அங்கங்கே மட்டும் தேய்ந்திருந்தால் அதற்கு ஒரு படி கீழான ‘ஃபைன்’. இந்த நாணயத்தில் ஒரு படி ஏறினாலே விலை நன்றாக ஏறும்.

படத்துக்கு வருவோம். வெள்ளைத் தாளைப் பார்த்த கேமரா, காட்சி அதீத வெளிச்சமாக இருக்கிறதென்று நினைத்து மொத்தத்தையும் இருட்டாக்குகிறது. அதனால்தான் ஈயம். நடுத்தரச் சாம்பல் நிற அட்டையில் வையுங்கள். கறுப்புத் துணியும் வேண்டாம், அதில் வெள்ளி வெளிறிவிடும்.

கூரை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே நிற வெளிச்சம் தரும் இரண்டு சிறிய எல்இடி மேசை விளக்குகளை, கடிகாரத்தில் 10, 2 இருக்கும் திசைகளில், லென்ஸுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு உயரத்தில் வையுங்கள். விளக்கின்மேல் தாளோ துணியோ போட்டு மென்மையாக்கச் சொல்வார்கள். வெள்ளிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கீறலும் மறையும், மினுமினுப்பும் செத்துப்போகும். வாங்குபவருக்கு இரண்டுமே தெரிய வேண்டும்.

போனை நாணயத்துக்கு மேல் நேராக, இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவில் பாலம்போல வைத்து, 2 மடங்கு அல்லது 3 மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே போனால் போனின் நிழல் விழும், வட்டமும் கோணலாகும். சில போன்கள் தாமாகவே மேக்ரோவுக்கு, அதாவது மிக நெருங்கி எடுக்கும் முறைக்கு, தாவும், அதை அணைத்துவிடுங்கள். நேராக இருக்கிறதா என்று பார்க்க, நாணயம் இருக்குமிடத்தில் சிறு கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் விழுந்தால் சரி. நாணயத்தின்மேல் விரலால் தட்டிக் குவியம் வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து, டைமரில் விட்டுக் கையை எடுத்துவிடுங்கள். விளக்கை விரலளவு நகர்த்தி நகர்த்தி இன்னும் சில எடுத்தால் ஒன்று உயிரோடு வரும். பின்பக்கம் எடுக்க, பக்கத்தைப் புரட்டுவதுபோல் திருப்பினால் கழுகு தலைகீழாக இருக்கும். மேலிருந்து கீழாகத் திருப்புங்கள்.

சான்றுக்கு 1917-எஸ்ஸை மட்டும் அனுப்பலாம், அதுவும் அங்கிக் கோடுகள் தேறினால். 1941-எஸ் தேய்மானமில்லாதது என்று உறுதியானால் அதையும் யோசிக்கலாம். 1942 முதல் 1945 வரையுள்ளவை ஏராளமாகக் கிடைப்பவை; 1943-இல் பிலடெல்பியா மட்டுமே 5 கோடிக்கு மேல் அடித்தது. தேய்ந்திருந்தால் வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும், கட்டணத்துக்குக் கட்டாது.

எல்லாவற்றையும் பிவிசி இல்லாத மைலார் பிளாஸ்டிக் உறைகளில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையில் கிடைத்தபோதே மெத்தென்ற பிவிசி உறையில் இருந்திருந்தால், பச்சையாகப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுத்தமான அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து ஊறவிடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது, அடுப்பு பக்கத்தில் எரியக் கூடாது. எடுத்த பிறகு துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள்.