காலையில் அவனிடம் என்ன சொல்வது?

கோத்தகிரி பக்கத்திலிருந்து எழுதிய அக்காவுக்கு,

மகன் ப்ளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் ஆகிறது, ஒரு முறை அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதி இடம் கிடைக்கவில்லை, இப்போது வீட்டிலிருந்தே மறுபடி படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தேயிலைக் கொழுந்து எடுக்கக் கிளம்பும் நேரத்தில் அவன் கம்பளிக்குள் இருக்கிறான். தினமும் வாட்ஸ்அப்பில் சூரியன் உதிக்கும் படத்தோடு ஒரு பொன்மொழி அனுப்புகிறீர்கள். நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. 'அவனுக்குத் தினமும் ஊக்கமாக என்ன சொல்லலாம்?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பொன்மொழியை நிறுத்திவிடுங்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், அதனால்தான் அவனுக்கு ஒட்டவில்லை. அதற்குப் பதிலாக, நேற்று அவன் செய்த ஏதாவது ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "நேத்து அந்தத் தனிவட்டிக் கணக்கு வரலைன்னியே, வந்துச்சா?" இவ்வளவு போதும். இதைக் கேட்க முந்தின நாள் அவன் சொன்னது உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். அம்மா நம் படிப்பைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

'நீ புத்திசாலிடா, உனக்கு நிச்சயம் கிடைக்கும்' என்று சொல்லித் தேற்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அன்பில் சொல்வதுதான். இருந்தாலும் அந்த வார்த்தையில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1998-ல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பிள்ளைகள் சில புதிர்களைப் போட்டு முடித்ததும், சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள், வேறு சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றார்கள். அப்புறம் கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள், எல்லோருமே திணறினார்கள். கடைசியில் மறுபடி முதலில் போட்ட அளவுக்கே எளிதான புதிர்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் முன்பைவிடக் கீழே போனார்கள். அதோடு, எத்தனை மதிப்பெண் எடுத்தாய் என்று கேட்டபோது கூட்டிச் சொன்னதும் அந்தக் கூட்டம்தான் அதிகம்.

மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை மகன் உங்களிடம் மறைக்கிறான் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். காரணம் இதுவாக இருக்கலாம். புத்திசாலி என்று சொன்ன அம்மாவிடம் 200-க்கு 92 சரி என்று எப்படிச் சொல்வான்?

'நிச்சயம் கிடைக்கும்' என்பதையும் விட்டுவிடுங்கள், அது உண்மையில்லை என்று அவனுக்கே தெரியும். 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பில் இருந்த இடங்கள் 3,935. எழுதியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பையனிடம் 'நிச்சயம்' என்றால், அம்மாவுக்கு விவரம் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வான்.

அப்படியென்றால் நம்பிக்கையே வேண்டாமா? வேண்டும். ஆனால் அதற்குக் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். ஜெர்மனியில் கேப்ரியேல் ஓட்டிங்கன், டோரிஸ் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள், வேலை தேடும் பட்டதாரிகளை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்து 2002-ல் எழுதினார்கள். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே விண்ணப்பம் போட்டிருந்தார்கள், சம்பளமும் குறைவாகவே வாங்கினார்கள். தன்னால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாக வந்திருந்தார்கள். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றில்லை. அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் முன்பு செய்து பார்த்த அனுபவத்திலிருந்து வருவது. போன மாதம் கணக்குப் பகுதியில் 25-க்கு 9 சரியாகப் போட்டவன் இந்த மாதம் 14 போட்டால், அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் சொல்லவே வேண்டாம்.

அந்த 25 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாதி, அதாவது 100 கேள்வி தமிழ். பொது அறிவு 75, திறனறிவுக் கணக்கு 25. தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஒரு கேள்விக்கு 54 விநாடி விழுகிறது. தேர்வின் தரம் பத்தாம் வகுப்பு, அதனால் ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரையுள்ள பள்ளிப் பாடநூல்கள்தான் அடிப்படை. அவற்றை விட்டுவிட்டுத் தடித்தடியான கைடுகளை வாங்கி அடுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. போன முறை எத்தனை மதிப்பெண், எந்தப் பகுதியில் விட்டான் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். இனி அவன் தாண்ட வேண்டியது அந்த எண்ணைத்தான். பக்கத்து லைன் பையன் கோயம்புத்தூரில் என்ன சம்பளம் வாங்குகிறான் என்பது வீட்டில் பேச்சாகவே வர வேண்டாம்.

'நான் அஞ்சாவது வரைதான் படிச்சேன், அவன் படிக்கிறது எனக்கு என்ன புரியும்?' என்றும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். ஏனென்றால் இந்த விஷயத்தில் உங்களைவிட நல்ல ஆள் அவனுக்குக் கிடைக்காது.

2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒன்றைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ், பார்க்காமல் நினைவுபடுத்தியவர்களே நிறைய நினைவில் வைத்திருந்தார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் ரகம். மஞ்சள் பேனாவால் புத்தகம் முழுக்கக் கோடு போட்டுவிட்டுப் படித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே சாயங்காலம் நீங்கள் வந்து கைகால் கழுவிவிட்டு டீ குடிக்கும் நேரத்தில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அன்று படித்ததை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் போதும். உங்களுக்குப் புரியவில்லை என்றால் 'புரியலடா' என்று சொல்லுங்கள். அவன் இன்னும் எளிமையாகச் சொல்லியாக வேண்டும். எந்த இடத்தில் திக்குகிறானோ அதுதான் அவனுக்குச் சரியாகத் தெரியாத இடம், அதை மறுநாள் முதலில் எடுப்பான். திருத்த வேண்டாம், மதிப்பெண் போட வேண்டாம். போனைப் பார்க்காமல் கேட்டால் போதும். மறுநாள் காலையில் என்ன கேட்பது என்ற உங்கள் கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

தூக்கத்தைப் பற்றி. நாலு மணிக்கு எழுந்தால்தான் முன்னேற முடியும் என்று ஊக்கப் பேச்சாளர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு அவனை உலுக்க வேண்டாம். மார்கழிக் குளிரில் நம் மலையில் நாலு மணிக்குப் புத்தகத்தைப் பிடிக்கும் பிள்ளை, நாலேகாலுக்குக் கம்பளிக்குள் புத்தகத்தோடு தூங்கிவிடும். குரூப் 4 தேர்வு நடப்பது காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை. அந்த மூன்று மணி நேரம் அவன் மேசையில் இருந்தால் போதும் என்பது என் கணக்கு. வாரத்தில் ஒரு நாள் அதே நேரத்தில் முழுத் தேர்வு எழுதிப் பார்க்கட்டும். சாயங்காலம் இன்னும் இரண்டு மணி நேரம். எட்டு மணிக்கு எழுந்தாலும் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

ஒரு நாள் விட்டுப்போனால் அதற்காகப் புலம்பவும் வேண்டாம். பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் 96 பேரைக் கவனித்து 2010-ல் வெளியிட்டார்கள். சராசரி 66 நாள் வந்தது. ஆனால் 18 நாளில் படிந்தவரும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தவரும் உண்டு. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பு எதையும் செய்யவில்லை. தோட்டத்தில் உங்களுக்குத் தெரியாததா? மழையில் ஒரு நாள் எடுக்காமல் விட்டால் ஒன்றுமில்லை. கொழுந்து எடுக்கும் ரவுண்டே தவறினால்தான் இலை முற்றிப்போகும்.

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போவதும் சிக்னல் போவதும் வழக்கம். அன்றைக்கெல்லாம் 'நெட் இல்ல, டெஸ்ட் எழுத முடியல' என்று முழு நாளும் கரைந்துவிடும். அதற்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வேண்டும்: கரண்ட் போனால் தமிழ்ப் புத்தகம், ஜன்னல் ஓரம். சிக்னல் போனால் பழைய வினாத்தாள், அச்சுப் போட்டு வைத்தது. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்னாலேயே முடிவு செய்து வைத்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்பவர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். இதை நீங்கள் சொல்லாதீர்கள். அவனையே எழுதச் சொல்லுங்கள், அவன் கையெழுத்தில் இருந்தால்தான் மதிப்பான்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. பத்தொன்பது வயதுப் பையன் நாள் முழுக்க வீட்டில் தனியாக ஒரே ஒரு தேர்வுக்காக உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எவ்வளவு நல்ல வார்த்தை சொன்னாலும் அந்தத் தனிமை அவனைத் தின்னும். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் ஒரு பட்டப்படிப்பில் சேரட்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்தான், ஆனால் பேச ஆள் இருக்கும், கையில் டிகிரி வந்தால் குரூப் 2-ம் எழுதலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஐ.டி.ஐ. பக்கம் மனசு போனால் குன்னூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அதற்கும் இந்தப் பணம் உண்டு. கல்லூரியில் சேர்ந்தால் ஒன்பதரை மணிக் கணக்கு வார நாட்களில் செல்லாது. அப்போது சாயங்காலம் இரண்டு மணி நேரமும் சனி, ஞாயிறும் போதும். நீங்கள் கேட்கும் அந்தப் பத்து நிமிஷம் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

டைப்பிங்கும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தட்டச்சுத் தேர்வில் தேறியிருக்க வேண்டும், குறைந்தது ஒன்றில் முதுநிலை, மற்றதில் இளநிலை. எழுத்துத் தேர்வு எழுதும் எல்லோரிடமும் இந்தச் சான்றிதழ் இருக்காது. அதைவிட முக்கியம், போன வாரத்தைவிட இந்த வாரம் வேகம் கூடியிருப்பது அவன் கண்ணுக்கே தெரியும். மனசு சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு இப்படி அளந்து பார்க்கக்கூடிய வேலை ஒன்று கையில் இருப்பது நல்லது. ஊட்டியில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள், அடுத்த வகுப்பு எப்போது என்று நேரில் கேட்டு வரட்டும்.

அவன் வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அது சோம்பல் இல்லை. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள், காசு இல்லை. முதலில் நீங்களே கூப்பிட்டு விவரம் கேட்கலாம்.

கடைசியாக, இந்த வாரத்துக்கே ஒரு வேலை. முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததாகப் பள்ளித் தலைமையாசிரியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அவன் இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டிலும் வாங்கணும். அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் தலைமையாசிரியர் லீவில் இருப்பார், சீல் பீரோவுக்குள் இருக்கும். திங்கட்கிழமை காலையில் அவனையே போகச் சொல்லுங்கள். சாயங்காலம் வந்ததும் கொடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள்.