மனிதனின் ஆதி உறவினளான லூசியின் புதைபடிவ எலும்புகள் பாதிகூடக் கிடைக்கவில்லையே, நிமிர்ந்து நடந்தாள் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மட்டக்களப்பில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தம்பி, சரியான இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்தது சுமார் 40 சதவீதம்தான். ஆனால் இடுப்பெலும்பும் தொடையெலும்பும் அதில் இருந்தன. நமது தொடையெலும்பு முழங்காலை நோக்கி உட்பக்கமாகச் சாய்ந்து இறங்கும். ஒற்றைக்காலில் நின்றாலும் உடல்பாரம் பாதத்துக்கு நேர்மேலே வரும். சிம்பன்சிக்கு அந்தச் சாய்வு கிடையாது, இரண்டு காலில் நடந்தால் பக்கவாட்டில் ஆடும். லூசிக்குச் சாய்வு உண்டு. மூளை என்னவோ சிம்பன்சியை ஒட்டிய அளவுதான்!

அப்புறம் தான்சானியாவின் லேட்டோலி. 1978இல் தொல்மானிடவியலாளர் மேரி லீக்கியின் குழு அங்கே எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகளைக் கண்டது; லூசியின் இனத்தவருடையவை என்று கருதப்படுபவை அவை. வயது சுமார் 36 இலட்சம் ஆண்டுகள். கல்லடிக் கடற்கரை ஈரமணலில் நடந்துவிட்டு உங்கள் தடத்தைத் திரும்பிப் பாருங்கள்: குதிக்கால் பதிவு ஆழம், பெருவிரல் மற்ற விரல்களோடு முன்னோக்கி. லேட்டோலித் தடங்களிலும் இவை இரண்டும் தெரிகின்றன.