காசு கொடுத்துக் கடல் பார்க்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அபுதாபியின் சாதியாத் தீவில் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் இரண்டு இரவு தங்கியதைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். என் மகளும் அபுதாபியில்தான் இருக்கிறாள். ஆகஸ்டில் அறை வாடகை பாதியாகிறது, அப்பாவும் அம்மாவும் வாருங்கள் என்கிறாள். என் மனைவியோ, "ராமேஸ்வரத்தில் கடல் சும்மாதானே கிடக்கிறது, அங்கே போய் எதற்குக் காசு கொடுத்துப் பார்க்கணும்?" என்கிறாள். எனக்கு உறுத்துவது வேறு. பாலைவனத்தில் புல்வெளி, கடலை ஒட்டியே நீச்சல் குளம். எல்லாம் பொய்யாக இல்லையா? போகலாமா, வேண்டாமா?

எம்.ஆர்., சேலம்

அன்புள்ள எம்.ஆர்.,

முதலில் ஆகஸ்ட். வேண்டாம். வாடகை பாதியாவது சும்மா இல்லை.

நான் போனது ஜூன் கடைசியில். ஏசி அறையிலிருந்து வெளியே கால் வைத்ததுமே மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்து எதிரில் இருப்பது தெரியவில்லை. பாலைவன வெயில் என்றால் வறண்ட வெயில் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கடலோரத்தில் அப்படி இல்லை, சென்னைப் புழுக்கமெல்லாம் அதன் முன்னால் தென்றல். மணலில் செருப்பில்லாமல் பத்தடி நடந்தேன், மிச்சத்தை ஓடினேன். ஓடிப்போய் இறங்கினால், கடல் எண்ணெய்க் குளியலுக்கு விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது. அபுதாபி இருக்கும் பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழமே சுமார் 35 மீட்டர்தான். ஹோர்முஸ் நீரிணை என்ற குறுகிய வாசல் வழியாகத்தான் வெளிக்கடலோடு தொடர்பு. வெயில் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் உப்பும் நம் கடலைவிட அதிகம். உடம்பு தானாக மிதக்கிறது, கண்தான் எரிகிறது. ஜூனிலேயே இப்படி என்றால் ஆகஸ்டைக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் கடலை ஒட்டி நீச்சல் குளம். கோடையில் குளத்து நீரைக் குளிரூட்டி வைக்கிறார்கள்.

உங்கள் துணைவியார் ராமேஸ்வரத்தை இழுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் முத்துக் கடல்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் நடந்த முத்துக்குளிப்புக்கு பாரசீக வளைகுடா அரபுகளும் வந்து மூழ்கியிருக்கிறார்கள். அவர்களுடைய ஊரில் கோடைதான் முத்துக்குளிக்கும் பருவம். நான் மணலில் ஓடிய அதே மாதங்களில் அவர்கள் பகல் முழுக்க மூழ்கி எழுந்திருக்கிறார்கள், பெரும்பாலும் படகுத் தலைவனிடம் பட்ட கடனை அடைப்பதற்காக. ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்தபிறகு 1930களில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. அபுதாபியிலிருந்து எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது 1962இல்தான்.

சரி, புல்வெளிக்கு வருகிறேன். பொய் என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு என் அறைக்கு வெளியே ஒரு தோட்டக்காரர் குத்தவைத்து உட்கார்ந்து, புல்லுக்கடியில் ஓடும் சொட்டுநீர்க் குழாயைக் கையால் தடவிக்கொண்டே நகர்ந்தார். ஓரிடத்தில் நின்று, அடைத்திருந்த துளையை நகத்தால் சுரண்டினார். கடுகளவு நீர் திரண்டு, பெருத்து, விழுந்தது. அடுத்த துளைக்குப் போனார். பக்கத்திலிருந்த சின்னப் பலகையில் அரபியிலும் ஆங்கிலத்திலும் 'இந்தத் தண்ணீர் குடிப்பதற்கல்ல' என்று எழுதியிருந்தது. ஊரின் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டங்களுக்கு விடுகிறார்கள். அந்தக் கழிவுநீரும் பெரும்பாலும் கடலிலிருந்து வந்ததுதான். உப்பு நீக்கி, குழாயில் வந்து, யாரோ குளித்து, யாரோ பாத்திரம் கழுவி, அப்புறம் புல்லுக்கு. முந்தின இரவு ஷவரைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் நின்றவன் நான். அன்று குளியலறையில் ஒரு பக்கெட் கிடைக்குமா என்று தேடினேன். அந்த வாடகைக்கு பக்கெட் தரமாட்டார்கள்போல.

இது ரிசார்ட்டுகளோடு வந்த வித்தையும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் இதே தீவில் அரிசோனா பல்கலைக்கழகத்தார் பசுமைக்குடில் போட்டு, உப்பு நீக்கிய கடல்நீரில் தக்காளியும் வெள்ளரியும் வளர்த்தார்கள். பணம் கொடுத்தது அப்போது அபுதாபியை ஆண்ட ஷேக் ஸாயித்.

எனக்கும் உறுத்தியது, ஆனால் புல்லைப் பார்த்து இல்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30இலிருந்து 3 வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். நல்ல சட்டம்தான், ஆனால் மற்ற நேரமும் வெயில்தானே. பதினொரு மணிக்கு நான் நிழலில் படுத்திருக்க, என் குடையை நகர்த்தி வைக்க முழுக்கைச் சட்டையில் ஒருவர் மணலில் நடந்து வந்தார். டிப்ஸ் கொடுத்தேன். கொடுத்ததால் உறுத்தல் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது வேறு. மணல்மேடுகளை யாரும் மிதிக்கக் கூடாது என்று கடற்கரை வரை மரப்பாதை போட்டிருக்கிறார்கள். அந்தக் கரையில் அழுங்காமை என்ற கடலாமை முட்டையிடுகிறது. காலையில் ஒருவர் நீண்ட வாரியால் முந்தின நாள் காலடித் தடங்களையெல்லாம் அழித்து, மணலில் நேர்நேராகக் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தது, ஆமை முட்டையிட்ட இடம். வாரி அங்கே ஒதுங்கி, சுற்றி வளைந்து, மறுபடி நேரானது. கோலத்தில் புள்ளியைச் சுற்றிப் போகிற இழை மாதிரி. இதைப் பார்க்கத்தான் அவ்வளவு காசு கொடுத்தாயா என்றால், ஆமாம் என்றுதான் சொல்வேன்.

நவம்பரில் போங்கள். ஆமை முட்டை இருக்காது, மனிதன் வெளியே நடமாடலாம். ஜனவரியில் கடல் குளிரும். ஞாயிறு முதல் வியாழன் வரை வாடகை பெரும்பாலும் குறைவு. வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு என்று மகளை முன்பே கேட்கச் சொல்லுங்கள், நான் கேட்காமல் போய் பில்லைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். புடவையோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், கடலில் கால் நனைத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. துணைவியார் ஒப்பவே இல்லை என்றால் அபுதாபி நகரத்தின் கார்னிஷ் பொதுக் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே கடல் சும்மாதான். ரிசார்ட்டில் நாம் கொடுக்கிற காசு கூட்டமில்லாததற்கு.

மகள் டிக்கெட் போட்டுவிட்டாள், ஆகஸ்டை மாற்ற முடியாது என்றால், கண்ணாடி துடைக்க ஒரு காட்டன் துணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.