தாலி மட்டும் போதுமா, உயில் வேண்டுமா? டர்பன் சொத்துக் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு அட்டர்னி (வழக்கறிஞர்) அலுவலகத்தில், இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். உயில், வாரிசு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, அரசாங்கத்தில் பதியவில்லை. உயில் எழுதாமலேயே கணவர் போன மாதம் தவறிவிட்டார். வீடு அவர் பேரில் இருக்கிறது. இரண்டு பெண் பிள்ளைகள். "நீ சட்டப்படி மனைவியே இல்லை, வீடு எங்கள் குடும்பத்துக்குத்தான்" என்கிறார் கொழுந்தனார். நான் வெளியேற வேண்டுமா?

வேண்டாம் அம்மா. வீட்டை விட்டு நகராதீர்கள், யார் நீட்டும் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்களைப் போலவே இந்து முறைப்படி மட்டும் மணந்த ஒரு பெண்ணின் வழக்கு 2008இல் டர்பன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்த அப்படிப்பட்ட மனைவியும், உயில் இல்லாதவர்களுக்கான வாரிசுச் சட்டப்படி மனைவிதான் என்று தீர்ப்பானது. அந்தச் சட்டப்படி உங்களுக்கு 2.5 லட்சம் ராண்ட் அல்லது ஒரு பிள்ளையின் பங்கு, எது அதிகமோ அது கிடைக்கும். கடன் போக 9 லட்சம் மிஞ்சினால் உங்களையும் சேர்த்து மூன்றாகப் பிரித்து ஆளுக்கு 3 லட்சம். கொழுந்தனாருக்கு ஒரு செண்ட் கூடக் கிடையாது. உங்கள் கல்யாணத்தையே அவர் மறுத்தாலும், பிள்ளைகள் இருக்கும்போது தம்பி வாரிசாக முடியாது.

இறந்தவர்களின் சொத்துகளை மேற்பார்வையிடும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்துக்குப் போகும்போது கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் படம், கோயில் கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்களை மனைவி என்று எழுதியிருக்கும் ஃபியூனரல் பாலிசி (இறுதிச் சடங்குக் காப்பீடு), எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் சத்தியப் பத்திரமும் வாங்கி வையுங்கள்.

ஒரு நஷ்டம் மட்டும் உண்டு. தனி ஒப்பந்தம் இல்லாமல் பதிவு செய்த கல்யாணமாக இருந்தால் பாதிச் சொத்து முதலிலேயே உங்களுடையது, மீதிப் பாதியைத்தான் பிரிப்பார்கள். அந்தப் பாதி உங்களுக்குத் தானாக வராது. இதைப் படிக்கும் தம்பதிகளில் தாலியோடு நிறுத்திக்கொண்டவர்கள் இருந்தால், தயவுசெய்து இந்த மாதமே ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகம் போய்ப் பதிந்துவிடுங்கள். கணவரை இழந்த பெண் தான் மனைவி என்று நிரூபித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஃபீனிக்ஸிலிருந்து: அப்பாவுக்குக் கை நடுங்கும். அவர் சொல்லச் சொல்ல உயிலை நானே என் கையால் எழுதினேன். நானும் என் வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். வீடு எனக்கு என்று இருக்கிறது. செல்லுமா அக்கா?

உயில் செல்லும், உங்களுக்கு எழுதிய பங்குதான் சிக்கலில் இருக்கிறது. உயிலைக் கையால் எழுதிக்கொடுத்தவரும், சாட்சி போட்டவரும், அவர்களுடைய கணவன் மனைவியும் அந்த உயிலால் பயன்பெறக் கூடாது என்பது சட்டம். உயில் இல்லாவிட்டால் பிள்ளையாக உங்களுக்கு என்ன வருமோ அதுவரை கேட்கலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் நீதிமன்றம்தான். அப்பா நலமாக இருக்கிறார் இல்லையா, புதிதாக எழுதிவிடுங்கள். 14 வயது நிரம்பிய இரண்டு பேர் சாட்சி வேண்டும், எதுவும் பெறாத பக்கத்து வீட்டுக்காரர்கள் போதும். மூவரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருக்கட்டும். அப்பா ஒவ்வொரு பக்கத்திலும், கடைசியில் முடிவிலும் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டுதான் வைக்க முடியும் என்றால் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் (சத்தியப் பத்திரங்களுக்குச் சான்றளிக்க உரிமை பெற்றவர்) ஒருவர் உடனிருந்து சான்றளிக்க வேண்டும். அப்புறம், மாஸ்டர் அலுவலகம் கேட்பது அசல் உயிலை. ஃபோனில் எடுத்த படம் உதவாது.

டோங்காட்டிலிருந்து: தாத்தா போய் 20 வருடம், பிறகு பாட்டியும் போய்விட்டார். உயில் இல்லை. வீட்டின் டைட்டில் டீட் (உரிமைப் பத்திரம்) இன்னும் தாத்தா பேரில். இனிமேல் முடியுமா?

முடியும் தம்பி. இறந்த 14 நாளில் மாஸ்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருந்தாலும், தாமதமாக வந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். தாத்தாவுக்கு ஒரு கோப்பு, பாட்டிக்கு ஒரு கோப்பு, அந்த வரிசையில். பிள்ளைகள் பட்டியலில் அத்தைகளை விட்டுவிடாதீர்கள். "கட்டிக்கொடுத்தாயிற்று" என்று பெண்களை விடுவது நம்மிடம் அடிக்கடி நடக்கிறது, அது தவறு. இந்த நாட்டில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு. இறந்துபோன அத்தை இருந்தால் அவர் பங்கு அவர் பிள்ளைகளுக்கு. வீட்டை ஒருவரே எடுத்துக்கொள்வதென்றால் எல்லா வாரிசுகளும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் (சொத்துப் பதிவு அலுவலகம்) பெயர் மாறும். வாரிசாக வரும் வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி (சொத்து கைமாறும்போது கட்டும் வரி) கிடையாது.

மெரிபேங்கிலிருந்து: வங்கியில் இலவசமாக உயில் எழுதித் தருகிறார்கள். எழுதலாமா?

எழுதலாம், ஆனால் எக்ஸிக்யூட்டர் (உயிலை நிறைவேற்றுபவர்) என்ற இடத்தில் யார் பெயர் என்று பாருங்கள். பெரும்பாலும் வங்கியே இருக்கும். உயிலில் வேறு தொகை குறிப்பிடாவிட்டால் எக்ஸிக்யூட்டர் கட்டணம் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம். வீடு 12 லட்சம், அதில் பாண்ட் (வீட்டுக் கடன்) 5 லட்சம் பாக்கி என்றாலும் கணக்கு 12 லட்சத்துக்குத்தான்: 42,000 ராண்ட், வாட் தனி. கையெழுத்துப் போடும் முன்பே பேசிக் குறைத்து, குறைத்த சதவீதத்தை எழுத்தில் வாங்குங்கள். நான் மகளையோ மகனையோ எக்ஸிக்யூட்டராகப் போட்டு, வேலைக்கு ஒரு அட்டர்னியை அவர்களே அமர்த்தச் சொல்வேன்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: பென்ஷன் பணத்தையும் உயிலில் எழுதலாமா?

எழுதினாலும் பலனில்லை. வேலை செய்த இடத்துப் பென்ஷன் நிதியின் டிரஸ்டிகள், உங்களை நம்பி இருந்தவர்கள் யார் என்று விசாரித்துத்தான் பிரிப்பார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: தமிழ்நாட்டில் பூர்வீக நிலம் கொஞ்சம் இருக்கிறது. அதையும் இங்கே எழுதும் உயிலில் சேர்க்கலாமா?

நிலம் எங்கே இருக்கிறதோ அந்த ஊர்ச் சட்டம்தான். அங்கே ஒரு வக்கீலைப் பார்த்துத் தனி உயில் எழுதுங்கள். இங்கே எழுதும் உயிலில் "முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து" என்ற வழக்கமான வரி இருந்தால், அது அந்த உயிலையும் சேர்த்து அடித்துவிடும். தென்னாப்பிரிக்கச் சொத்துக்கு மட்டும் என்று திருத்தச் சொல்லுங்கள்.

லெனேசியாவிலிருந்து: அட்டர்னிக்குக் கொடுக்கப் பணமில்லை ஐயா, அம்மா, யாரானாலும் சொல்லுங்கள்.

செப்டம்பரில் தேசிய உயில் வாரம் வரும். அதில் சேரும் அட்டர்னிகள் எளிய உயிலை இலவசமாக எழுதித் தருவார்கள், முன்கூட்டியே நேரம் வாங்கிவிடுங்கள். வீட்டில் ஒருவர் இறந்து, சொத்து மொத்தம் 2.5 லட்சத்துக்குள் என்றால் நீண்ட நடைமுறை தேவையில்லை. மாஸ்டர் தரும் ஒரு அதிகாரக் கடிதத்தை வைத்துக் குடும்பத்தாரே முடித்துக்கொள்ளலாம். வேறு சிக்கலுக்கு லீகல் எய்ட் (சட்ட உதவி) அலுவலகத்தில் கேளுங்கள். யாராவது "நான் அட்டர்னி" என்று முன்பணம் கேட்டால், அட்டர்னிகளைப் பதிவு செய்யும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கொடுங்கள்.