64 பக்கத்துக்குள் ஒரு மாடிப்படி

கட்டடக்கலை படிக்கும் நீங்கள் முதல் வேலைக்கு எங்கே சேர்வது என்று கேட்டு எழுதிய கடிதமும், உங்கள் டிசைன்களைத் தொகுத்த போர்ட்ஃபோலியோவும் வந்தன. போர்ட்ஃபோலியோவை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை வேகமாகப் புரட்டினேன். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். 64 பக்கத்தையும் மூடிவைத்த பிறகு மனதில் நின்றது மாலை வானமும் அதில் பறந்த பறவைகளும்தான். நீங்கள் டிசைன் செய்த நூலகம் நிற்கவில்லை.

இரண்டாவது முறை நிதானமாகப் பார்த்தபோது 41ஆம் பக்கத்தில் கண் நின்றது. ஓரத்தில், தபால்தலை அளவில், பென்சிலால் போட்ட, கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் மூன்று செக்‌ஷன்கள். முதலாவதில் மாடிப்படி கட்டடத்தின் நடுவில் இருக்கிறது. இரண்டாவதில் கிழக்குச் சுவரோரம் போய்விட்டது. மூன்றாவதில் மேற்குப் பக்கம், வாசிப்பு அறைக்கும் தெருவுக்கும் இடையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கீழே ஒரு வரி விளக்கம்கூட இல்லை. இந்தப் போர்ட்ஃபோலியோவில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

படியை ஏன் அங்கே கொண்டுபோனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானாக ஊகித்துக்கொண்டேன். மாலை வெயிலும் தெருச் சத்தமும் மேற்கிலிருந்து வருகின்றன. படியில் யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை, வாசிப்பு அறையிலோ மணிக்கணக்காக உட்காருகிறார்கள். அதனால் வெயிலையும் சத்தத்தையும் படி வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். சரிதானே? நீங்கள் யோசித்து எடுத்த முடிவு இது. ஓர் அலுவலகம் உங்களுக்குச் சம்பளம் தருவது இப்படிப்பட்ட முடிவுகளை எடுப்பதற்குத்தான். அதை ஓரத்தில் ஒளித்துவைத்துவிட்டு, பறவைகளுக்கு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள்.

பக்கத்து மேசைத் தோழியின் ரெண்டருக்கு, அதாவது கணினியில் நிஜம்போல் செய்த படத்துக்கு, டிசைன்களை மதிப்பிடும் ஜூரியில் கிடைத்த பாராட்டு உங்களை ரொம்பவே பாதித்திருக்கிறது, கடிதத்தில் மூன்று இடத்தில் அது வருகிறது. ரெண்டர் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். வரைவதற்கு ரெவிட்டோ ஆட்டோகேடோ கையில் சரளமாக இருக்க வேண்டும், ஸ்கெட்ச்அப்போ ரைனோவோ ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மென்பொருளைச் சில மாதங்களில் பழகிவிடலாம். பல அலுவலகங்கள் ரெண்டரை வெளியில் கொடுத்தே செய்துகொள்கின்றன. படியை நடுவிலிருந்து மேற்குக்கு நகர்த்தும் யோசனையை அப்படி வெளியில் கொடுத்து வாங்க முடியாது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். அந்தப் படி அந்த இடத்தில் அடங்காது.

நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. ஆனால் பல வருடமாக நேர்காணல் அறைகளில் அவர்களோடு உட்கார்ந்து சில கணக்குகளைக் கற்றுக்கொண்டேன். உங்கள் தளத்தின் உயரம் 3.3 மீட்டர். ஒரு படியின் உயரம் 150 மில்லிமீட்டர் என்றால் 22 படி வேண்டும். நடுவில் திரும்பும் படி என்பதால் பக்கத்துக்கு 11. பதினோராவது ஏற்றம் திரும்பும் இடத்திலேயே முடிவதால் கால் வைக்கும் இடம் பத்து, ஒவ்வொன்றும் 300 மில்லிமீட்டர், ஆக 3 மீட்டர். பொதுக் கட்டடம் என்பதால் திரும்பும் இடத்தில் ஒன்றரை மீட்டர், தளத்தில் வந்து இறங்கும் இடத்தில் இன்னொரு ஒன்றரை. மொத்தம் 6 மீட்டர். பிளானில் நீங்கள் விட்டிருப்பது 4 மீட்டர். அனுபவமுள்ள ஒருவர் இதைப் பத்து நொடியில் கண்டுபிடித்துவிடுவார். வாசலில் உள்ள சாய்தளத்துக்கும் இதே கதிதான். 450 மில்லிமீட்டர் உயரத்துக்கு 1:12 சரிவில் ஏறினால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். நீங்கள் வரைந்திருப்பதில் சக்கர நாற்காலியைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

இதற்காகக் கலங்காதீர்கள். இரண்டு நாள் வேலை. அதோடு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. படிக்கு இரண்டு மீட்டர் கூடுதலாகக் கொடுத்தால் அது வாசிப்பு அறையிலிருந்து வர வேண்டும், அல்லது கட்டடம் நீள வேண்டும். ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள். அந்தத் தேர்வையும் நான்காவது சின்ன செக்‌ஷனாக வரையுங்கள். இந்த நான்கு படங்களும் ஒரு முழுப் பக்கத்தில் பெரிதாக வரட்டும், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. நேர்காணலில் நீங்கள் பேசப்போவது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

‘ஜூரியில் என் டிசைனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொன்னதை அன்று இரவே குறித்துவைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். ‘இந்த முகப்பு எனக்கு ஒட்டவில்லை’ என்பது ஒருவருடைய ரசனை, கேட்டுக்கொண்டு விட்டுவிடலாம். ‘மாடித் தோட்டத்துத் தண்ணீர் எங்கே வடிகிறது?’ என்பது வேலை, அதற்குக் கோடு போட்டுப் பதில் சொல்ல வேண்டும். பட்டியலின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது: ‘சைட்டில் இருக்கும் பழைய கிடங்கை ஏன் இடிக்கிறீர்கள்?’ இதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அன்றைய ஜூரியின் சிறந்த கேள்வியாகப் படுகிறது.

1996இல் பிரான்ஸின் போர்தோ நகர நிர்வாகம் ஒரு சின்னச் சதுக்கத்தை அழகுபடுத்தித் தரும்படி ஆன் லக்கத்தோன், ஜான் ஃபிலிப் வசால் என்ற இரண்டு ஆர்க்கிடெக்டுகளிடம் கேட்டது. அவர்கள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தார்கள், குடியிருப்பவர்களோடு பேசினார்கள். மரங்கள், பெஞ்சுகள், சுற்றிலும் எளிமையான வீடுகள். இது ஏற்கெனவே அழகாகத்தானே இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். சரளையைப் புதிதாகப் போடுங்கள், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள், மரங்களைப் பராமரியுங்கள், போக்குவரத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள், அவ்வளவு போதும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த இருவருக்கும் 2021இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

எதையும் கட்டாதீர்கள் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை, நூலகம் கேட்ட இடத்தில் நூலகம் கட்டத்தான் வேண்டும். ஆனால் உங்கள் முதல் பக்கத்திலேயே கிடங்கு மறைந்துபோயிருக்கிறது. அதன் நீளம் என்ன, கூரை எப்படி நிற்கிறது, சுவர் என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு கோடுகூட இல்லை. அளந்து பார்த்துவிட்டு இடித்தால் அது டிசைன். பார்க்காமலே இடித்தால், நேர்காணலிலும் அதே கேள்வி வரும். படிப்பின் முடிவில் செய்யும் தீசிஸ் டிசைனுக்கு சைட் தேடும்போது இது ஞாபகம் இருக்கட்டும். வாரம் ஒரு முறையாவது போய் நிற்கக்கூடிய தூரத்தில் சைட் இருந்தால் நல்லது. செயற்கைக்கோள் படத்தில் மட்டும் பார்த்த இடத்தில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது.

போர்ட்ஃபோலியோவைப் பற்றி மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 24 பக்கம், நான்கு புராஜெக்ட் போதும். சிறந்தது முதலில், அடுத்த சிறந்தது கடைசியில். முதல் வருடத்து அட்டைப்பெட்டிப் பயிற்சிகள் வேண்டாம். குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்று தெளிவாக எழுதுங்கள். நான்கு பேர் செய்த வேலையை ஒரே அலுவலகத்தில் நான்கு பேரும் தனித்தனியாகத் தங்கள் வேலையென்று காட்டிய கூத்தை நான் பார்த்திருக்கிறேன். பிளானில் அளவுகோலும் வடக்கு எது என்பதும் இருக்கட்டும். மின்னஞ்சலில் தடையில்லாமல் போகும் அளவுக்கு ஃபைலைச் சுருக்குங்கள். இன்டர்ன்ஷிப்பில் வரைந்த ஒர்க்கிங் டிராயிங், அதாவது பார்த்துக் கட்டுவதற்கான வரைபடம், இருந்தால், அது கழிப்பறை விவரமாக இருந்தாலும், அலுவலகத்தின் அனுமதி வாங்கிக்கொண்டு ஒன்றைச் சேருங்கள். கழிப்பறையை ஒழுங்காக வரையத் தெரிந்தவருக்கு எங்கேயும் மதிப்பு உண்டு.

எழுத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ‘வெளிகளுக்கிடையிலான உரையாடல்’ போன்ற வரிகள் உங்கள் பக்கங்களில் நிறைய. யாருக்கும் எதுவும் புரியாது. மாயா லின் 1981இல் வாஷிங்டனின் வியட்நாம் போர்வீரர் நினைவிடப் போட்டியில் வென்றபோது அவருக்கு வயது 21, யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவி. வந்த வடிவமைப்புகள் 1,421. அவருடையது வகுப்பில் செய்த ஒரு பயிற்சியிலிருந்து வந்தது, படங்களும் மங்கலான வண்ணக்கட்டி ஓவியங்கள்தான். கூடவே ஒரு விளக்கம் எழுதியிருந்தார். ஒருவர் அந்தச் சரிவில் இறங்கி நடக்கும்போது என்ன பார்ப்பார், இறந்த வீரர்களின் பெயர்கள் எப்படி வரும் என்று. வடிவமைப்பதற்கு ஆனதைவிட அதை எழுதத்தான் அதிக நேரம் ஆனது என்று பின்னாளில் அவரே சொன்னார். உங்கள் நூலகத்துக்குள் ஒருவர் நுழைந்து நாற்காலியில் உட்காரும் வரை என்ன நடக்கிறது என்று ஆறு வரியில் எழுதிப் பாருங்கள். ‘உரையாடல்’ என்ற சொல் வராமல்.

சரி, முதல் வேலை. எங்கே சேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள், நீங்கள் தந்த அலுவலகப் பட்டியலில் இருப்பதெல்லாம் பத்திரிகை அட்டையில் வருகிற பெயர்கள். பல வருடங்களுக்கு முன்பு ஒரு மாணவரை அப்படி ஒரு பெரிய அலுவலகத்துக்கு நானே தள்ளிவிட்டேன். பெயர் கிடைக்கும் என்று நினைத்தேன். அவர் அங்கே இரண்டு வருடம் போட்டிகளுக்கான ரெண்டர் மட்டுமே செய்தார். ஒரு நாள்கூட சைட்டுக்குப் போகவில்லை. அடுத்த நேர்காணலில் ‘ஜன்னல் சட்டத்துக்குக் கீழே தண்ணீர் புகாமல் எப்படித் தடுப்பீர்கள்?’ என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. தவறு என்னுடையது. அலுவலகத்தின் பெயரைப் பார்த்தேனே தவிர, அங்கே அவர் கையில் என்ன வேலை விழும் என்று விசாரிக்கவில்லை.

அமெரிக்காவில் பொதுவாக ஆர்க்கிடெக்ட் உரிமம் பெறுவதற்கு முன் 3,740 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். அந்த மணிகளை ஆறாகப் பிரித்திருக்கிறார்கள். திட்டமிடலும் வடிவமைப்பும் 1,080 மணி நேரம். அந்த வடிவமைப்பைக் கட்டக்கூடிய வரைபடங்களாகவும் ஆவணங்களாகவும் வளர்ப்பது 1,520. கட்டுமானத்தின்போது செய்யும் வேலைகளுக்கு 360. மற்றதெல்லாம் நிர்வாகமும் ஆரம்பகட்ட ஆய்வும். நீங்கள் எந்த நாட்டில் வேலை செய்தாலும் இந்தப் பங்கீடு யோசிக்க வைக்கும். கல்லூரியில் உங்கள் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்ட டிசைன், தொழிலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதனால் நேர்காணலில் நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக இங்கே சேர்ந்தவர் முதல் ஆறு மாதம் என்ன செய்தார்? மாதத்துக்கு எத்தனை தடவை சைட்டுக்குப் போகலாம்? பத்துப் பேர் இருக்கிற, இப்போது ஏதாவது கட்டிக்கொண்டிருக்கிற அலுவலகம் உங்கள் முதல் மூன்று வருடத்துக்குப் பெரிய பெயரைவிட நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒத்துக்கொள்ளாத ஆர்க்கிடெக்டுகள் இருக்கிறார்கள். ஆனால் ‘அனுபவம்தான் சம்பளம்’ என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

உங்கள் அம்மா கடிதத்தின் அடியில் தனியாக எழுதியிருக்கிறார்: இத்தனை வருடம் படித்தும் கூடப்படித்தவர்கள் வாங்குவதில் பாதிச் சம்பளம்தானா, வேறு படிப்புக்கு மாற்றிவிடலாமா என்று. அவரிடம் இதைக் காட்டுங்கள். அம்மா, தொடக்கச் சம்பளத்தில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான், மழுப்ப மாட்டேன். இது தாமதமாகக் காய்க்கும் மரம். புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் ஜஹா ஹதீத் 1983இல் ஹாங்காங்கில் ஒரு பெரிய போட்டியில் வென்றார், அது கட்டப்படவே இல்லை. அவருடைய முதல் முக்கியக் கட்டடமான, ஜெர்மனியில் உள்ள விட்ரா தீயணைப்பு நிலையம் முடிந்தது 1993இல், அவருக்கு நாற்பது தாண்டிய பிறகு. அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி கான் யேல் கலைக்கூடத்தைக் கட்டி முடித்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். இந்தியா, பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் பதிவு இல்லாமல் ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளவே சட்டம் விடாது. மகளுக்கு ஐந்தாறு வருட அவகாசம் கொடுக்க உங்களால் முடியுமா என்பதுதான் யோசிக்க வேண்டியது. முடியாது, வீட்டு நிலைமை அப்படி என்றால், அதற்கும் வழி இருக்கிறது. இதே பட்டத்தோடு பிம் (கட்டடத்தின் கணினி மாதிரி) ஒருங்கிணைப்பு, கட்டுமான நிர்வாகம், ஒளியமைப்பு போன்ற வேலைகளுக்குப் போகலாம், அவற்றில் சில ஆரம்பத்திலேயே கொஞ்சம் கூடுதலாகத் தரும். படிப்பையே மாற்றுவதை மட்டும் இந்தக் கட்டத்தில் நான் சொல்ல மாட்டேன். படியை யோசித்து நகர்த்தத் தெரிந்த பெண் அவர்.

உங்களுக்குக் கடைசியாக ஒன்று. புதிய 24 பக்கத்தை இப்போதே செய்ய உட்காராதீர்கள். முதலில் அந்த மாடிப்படியின் செக்‌ஷனை 1:20 அளவில், கையால் வரையுங்கள். கைப்பிடி, தலைக்கு மேல் உள்ள இடைவெளி, திரும்பும் இடத்துக்கு மேலே வரும் பீம் எல்லாம் அதில் இருக்கட்டும். தலை இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். இடித்தாலும் அனுப்புங்கள்.