வாசகர் கேள்வி – பதில்: தாதியரின் சம்பளமும் சொத்தும்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் அரச வைத்தியசாலை ஒன்றில் தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றுகின்றேன். வங்கி அட்டை கணவரிடமே இருக்கின்றது. மேலதிக நேரக் கொடுப்பனவையும் சேர்த்துக் கணக்கிட்டு, என் பெயரில் கடன் எடுத்துக் காணி வாங்குவோம் என்கிறார். எனக்கென்று எதுவும் மிஞ்சாதோ என்று அஞ்சுகின்றேன். – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் அச்சம் நியாயமானது. மேலதிக நேரக் கொடுப்பனவை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம். அது நீங்கள் நோயுற்றாலும், பிரசவ விடுமுறையில் நின்றாலும், அரசாங்கம் செலவைக் குறைத்தாலும் குறைந்துவிடும். கடன் தவணையோ குறையாது. ஓய்வூதியத்தைக் கணிக்கும்போதும் அது சேர்க்கப்படுவதில்லை. 2022 இல் இலங்கையில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியபோது, சம்பளத்தின் பெரும்பகுதியைக் கடனுக்குக் கழிக்கக் கொடுத்திருந்தவர்களுக்கு அரிசிக்கும் பால்மாவுக்கும் நகையை அடைவு வைப்பதைவிட வேறு வழி இருக்கவில்லை. ஆகவே தவணையை அடிப்படைச் சம்பளம் தாங்கக்கூடிய அளவிலேயே வைத்திருங்கள்; இரவுக் கடமை பார்த்து உழைக்கும் மேலதிகப் பணம் உங்கள் பெயரிலுள்ள தனிக் கணக்கில் சேரட்டும். அட்டையை இன்றே கேட்டு வாங்குங்கள். குடும்பச் செலவில் பங்கெடுப்பது வேறு, உழைப்பு முழுவதையும் கேள்வியின்றி ஒப்படைப்பது வேறு.

காணி விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்கள் திருமணத்தின் பின் உழைத்து வாங்கும் சொத்து தேடிய தேட்டமாகக் கருதப்படும். அத்தோடு, 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. கணவருக்கு அத்தகைய தடை எதுவும் விதிக்கப்படவில்லை. கணவர் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்றிருந்தது ஒரு சிறிய ஆறுதல். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய நிலத்துக்கும் ஒரு பெண் இப்படி அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்ததை நான் அநீதி என்றே கருதுகின்றேன். இன்றைய சட்ட நிலையைச் சட்டத்தரணியிடம் கேட்டறியாமல் காணி உறுதியில் கையெழுத்திட வேண்டாம். கடன் உங்கள் தலையில் விழுமானால் உறுதியிலும் உங்கள் பெயர் இருக்கவேண்டும். தவணை உங்கள் சம்பளத்திலிருந்து போனதைக் காட்டும் வங்கிக் கூற்றுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: தனியார் வைத்தியசாலைத் தாதி நான். ஓய்வூதியம் இல்லையே, என்ன செய்வது? – வாசகி, நல்லூர்

பதில்: உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதத்தையும் தம் பங்காக 12 சதவீதத்தையும் ஊழியர் சேமலாப நிதிக்கும், மேலும் 3 சதவீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் நிர்வாகம் செலுத்தியாக வேண்டும். சம்பளத்தில் கழிக்கப்படுவதால் பணம் நிதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கத்தவர் கூற்றைப் பெற்று மாதமாதமாக ஒப்பிடுங்கள். விடுபட்டிருந்தால் யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். பெண்கள் 50 வயதில் இந்தச் சேமலாப நிதியைப் பெறலாம் என்பதால், வேலை மாறும்போது அங்கத்துவ இலக்கங்களைத் தொலைக்காமல் குறித்து வையுங்கள்.