மாதிரி யுத்தத் தாங்கிகளுக்கு 'வொஷ்' பூசுவது என்றால் என்ன, அதை எப்படிக் கலப்பது?

வொஷ் என்பது, 1:35 அளவிலான மாதிரித் தாங்கியின் தகட்டு இடுக்குகளிலும் ஆணித்தலைகளைச் சுற்றியும் நிழல்போலத் தங்குவதற்காக மிகவும் ஐதாகக் கரைக்கப்பட்ட வர்ணமாகும். கரும்பழுப்பு எண்ணெய் வர்ணம் ஒரு பங்குக்கு டர்பன்டைன் ஏறத்தாழ ஒன்பது பங்கு கலந்து, தூரிகை நுனியால் இடுக்கைத் தொட்டால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதைப் போல இடுக்கே அதை இழுத்துக்கொள்ளும். திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைச் சுவரின் கல்மூட்டுகள் கறுத்து, ஒவ்வொரு கல்லும் தனித்துத் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பலன் உடனே விளங்கும். எனாமல் அடிப்பூச்சை டர்பன்டைன் கரைத்துவிடக்கூடும் என்பதால், வொஷ் பூசுமுன் அடிப்பூச்சாக அக்ரிலிக் வர்ணம் பூசி, அதன்மேல் அக்ரிலிக் மினுக்கு வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். இங்குள்ள கடற்காற்றின் ஈரத்துக்கு நான் ஒரு நாள் கூடுதலாகவே விடுவேன். வொஷ் வழிந்தால் வேலை பாழ் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அரைமணி நேரம் கழித்து, டர்பன்டைனில் இலேசாக நனைத்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்தால் வழிந்தது அகன்றுவிடும்.